சோகாமேளர் ஏன் வாசலிலேயே நிற்கிறார்?

14-ஆம் நூற்றாண்டு மகார் சாதிப் பக்திக் கவிஞர் சோகாமேளரின் சமாதி, பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. மங்களவேடாவில் சுவர் வேலையின்போது, இடிபாட்டில் சிக்கிச் செத்தார் என்கிறது மரபு. பக்தியை மெச்சியவர்கள் கதவைத் திறக்கவில்லை. 1947-இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகே தலித்துகள் உள்ளே போக முடிந்தது. அறுநூறு ஆண்டுகள்!

அம்பேத்கர் 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பக்தி ஞானிகள் சாதியமைப்பைத் தாக்கவில்லை என்ற விமர்சனமும் அவருடையதே. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

சோகாமேளர் குமுறினார், பிறகு முன்வினை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மனைவி சோயராபாய், தீட்டில்லாத உடல் எது என்று கேட்டார். மகன் கர்மமேளாவோ கடவுளையே குற்றம்சாட்டினார். தோழர்களே, அடுத்த வாசிப்பு வட்டத்தில் இவர்கள் இருவரையும் எடுப்போம்.