காபன் வீலும் கச்சான் காத்தும்

பெருநாள் சைக்கிளோட்டம் நெருங்குகிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இப்போது காபன் வீல் கதைதான். "அலுமினிய வீலோட போனா வெல்ல ஏலா சேர்" என்கிறார்கள். கத்தாரில் இருக்கிற வாப்பாமாருக்கு வொய்ஸ் மெசேஜ் பறக்கிறது. சில வீடுகளில் உம்மாவின் காப்பு அடகுக்குப் போகிற நிலை. சைக்கிள் ஓடுகிற பிள்ளையை நாம் குறை சொல்லவில்லை. பின்னேரம் சந்தியில் போனோடு குந்தியிருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிய நாட்டில், இலட்சக்கணக்கில் கொட்டுமுன் கணக்குப் பார்க்க வேண்டும்.

சாதாரண ரேஸ் சைக்கிளோடு வரும் அலுமினிய வீல் சோடி ஏறக்குறைய 1.8 முதல் 2 கிலோ. நல்ல காபன் சோடி 1.3 முதல் 1.5 கிலோ. வித்தியாசம் அரைக் கிலோ, ஒரு சின்னப் போத்தல் தண்ணீர். பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால் அது ஒரு வீதம்கூட இல்லை. 20 நிமிடம் ஏறுகிற மலையில் அது மிச்சம் பிடித்துத் தருவது எட்டு, ஒன்பது செக்கன். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் மலை எங்கே இருக்கிறது? சுற்றுகிற பாரம் இரட்டிப்பு என்று கடைக்காரர் சொல்வார். அது வேகமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் பொருந்தும். ஒரே வேகத்தில் ஓடும்போது பொருந்தாது.

தட்டை வீதியில் எதிரி காற்றுதான். மணிக்கு 35 கிலோமீற்றரைத் தாண்டினால் பலத்தில் பெரும்பகுதி அதைத் தள்ளவே போய்விடும். அங்கே உதவுவது பாரம் குறைந்த வீலைவிட ஆழமான ரிம். உலக சைக்கிளோட்டச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறது. எவ்வளவு மெல்லிய வீலும் கிடைக்கக்கூடிய பெரிய வீரர்களே தட்டை ஓட்டங்களில் கொஞ்சம் பாரம் கூடிய ஆழ ரிம்மைத்தான் போடுகிறார்கள்.

அப்போ 60 மில்லிமீற்றர் ரிம் வாங்கலாமா? அங்கேதான் நமது கச்சான் நிற்கிறது. ஜூன், ஜூலையில் அது மேற்கிலிருந்து அடிக்கும். நமது பிரதான வீதியோ கரையோரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. வீடுகள் முடிந்து வயல்வெளி திறக்கிற இடத்தில் காத்து நேரே விலாவில் விழும். ஆழமான முன் ரிம் அதைப் பாய் மாதிரிப் பிடித்து ஹேண்டிலை இழுக்கும். 50 கிலோப் பிள்ளை, பக்கத்தில் அக்கரைப்பற்று பஸ். நினைத்துப் பாருங்கள். முன்னுக்கு 40 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம் என்பதே நமது கருத்து.

பிரேக் இன்னொரு விசயம். ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் காபனுக்கென்றே செய்த கட்டைகள் வேண்டும், அவையும் மழையில் சுணங்கித்தான் பிடிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலிருந்து பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினால் ரிம் சூடேறி உள்ளே இருக்கும் பசை இளகலாம், டியூப் வெடிக்கலாம். மலைநாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு டிஸ்க் பிரேக் இல்லையென்றால் அலுமினிய ரிம்மே போதும்.

நமக்கு அதிகம் பயம் டயர் கடையில்தான். கல்லு மாதிரி 100க்கு மேல் காத்தடிப்பது நமது பழக்கம். புதிய காபன் ரிம் பலதில் டயரைக் கவ்விப் பிடிக்கும் உள்விளிம்பு இல்லை. அவற்றுக்கு உச்சம் 72 பிஎஸ்ஐ. அதைத் தாண்டினால் ஓட்டத்தின் நடுவே டயர் கழன்று பாயலாம். ரிம்மில் எழுதியிருப்பதை வாசிக்காமல் பம்பைத் தொடவிடாதீர்கள்.

பெரிய கொம்பனியின் ஸ்டிக்கர் ஒட்டி, அரை விலைக்கு ஒன்லைனில் வருகிறதையும் நம்பவேண்டாம். அலுமினியம் குழியில் விழுந்தால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். காபன் உள்ளுக்குள் வெடித்துவிட்டு வெளியே நல்ல பிள்ளையாக இருக்கும், பிறகொரு நாள் திடீரென்று உடையும். பழைய சோடி வாங்குகிறவர்கள் டயரைக் கழற்றி உட்புறத்தையும் ஒவ்வொரு கம்பித் துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

காசு இருந்தால் முதலில் நல்ல ஹெல்மட், 25 அல்லது 28 மில்லிமீற்றரில் நல்ல டயர், பிள்ளையின் உடம்புக்கு அளவான சைக்கிள். காற்றில் அதிகம் மோதுவது வீல் இல்லை, உடம்புதான். முழங்கையை மடித்துத் தாழ்ந்து ஓடவும், முன்னால் போகிறவனின் மறைவில் ஒட்டிப் போகவும் பழக்கினால் எந்த ரிம்மும் தராத வேகம் சும்மா கிடைக்கும்.

விளையாட்டுக் கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள், பரிசுத் தொகையையும் சமமாக வையுங்கள். தையல் மெசினை நம்பி வாழ்கிற உம்மாவின் பிள்ளையும் ஆரம்பக் கோட்டில் நிற்கட்டும். ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஆசிரியர்கள் நாங்கள் இதைக் கேட்கப் போகிறோம். உடன்படுகிற பெற்றோர் தயவுசெய்து வந்து பக்கத்தில் இருங்கள்.