பூட்டை உடைக்காதீர்கள்

மூன்று மாத வாடகை பாக்கி. கதவில் பூட்டு. குடியிருந்தவர் போன இடம் தெரியாது. பூட்டை உடைத்து, சாமான்களை ஓரங்கட்டிவிட்டு வேறு ஆளைக் குடிவைத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்காரருக்கு முதலில் தோன்றும். அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை.

ஆள் இல்லாவிட்டாலும், பூட்டும் சாமான்களும் இருக்கும்போது வீடு அவர் வசம் இல்லை என்று வாதிடுவது கடினம். 1963-ம் வருட குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். சொத்து யாருடையது என்ற கேள்வி அங்கே எடுபடாது. தங்கும் உரிமை முடிந்துபோனவரைக்கூட சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும் என்று 1989-ல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. போதாக்குறைக்கு, 'உள்ளே நகை வைத்திருந்தேன்' என்று புகார் வந்தால் சமாளிப்பது கஷ்டம்.

பிறகு என்னதான் வழி? அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தில்லியில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மிகாத வீடு என்றால் 1958-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கைகொடுக்கும். குடியிருப்பவரோ அவர் குடும்பத்தாரோ மனு போடுவதற்கு முந்தைய ஆறு மாதமும் அங்கே வசிக்கவில்லை என்பது, காலி செய்யவைக்க ஒரு காரணம். மகாராஷ்டிரத்தின் 1999-ம் வருடச் சட்டத்திலும், தக்க காரணமின்றி ஆறு மாதம் பயன்படுத்தாமல் போட்டிருந்தால் வழக்குப் போடலாம். தில்லியில் வாடகை அதற்கு மேல் என்றால், மாதக் குடித்தனத்துக்கு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ். பிறகு சிவில் வழக்கு.

ஆள் அகப்படவில்லை என்பதால் வழக்கு நின்றுவிடாது. கடைசியாக வசித்த வீட்டின் கதவில் சம்மன் ஒட்டவும், பத்திரிகையில் விளம்பரம் செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படியும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படும். அதன் பிறகு பூட்டை உடைப்பது நீதிமன்ற ஊழியரின் வேலை.

அதுவரை ஆதாரம் சேர்ப்பதே புத்திசாலித்தனம். ஓடாத மின்சார மீட்டர், திரும்பி வந்த பதிவுத் தபால், அக்கம்பக்கத்தார் சாட்சி எல்லாமே உதவும். குடியிருந்தவரே வந்து சாவியை ஒப்படைத்தால் விஷயம் சுலபம். ஆனால் வீட்டைக் காலி செய்துவிட்டதாக இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பூட்டிய வீடெல்லாம் கைவிடப்பட்ட வீடு அல்ல. வைத்தியத்துக்காக ஊருக்குப் போனவர் திரும்பி வரலாம். நீதிமன்றம் அதையும் யோசிக்கும். வீட்டுக்காரரும் யோசிப்பது அவருக்கே நல்லது.