பொற்காலக் கனவும் தாராளவாதியின் அச்சமும்

பொற்காலம் போயிற்றே என்று எவரேனும் உருகினால், தோழர்களே, நாம் ஒன்று கேட்போம்: அந்தக் காலத்தில் நெசவாளி என்ன தின்றான்?

பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் அப்படி உருகியவர். நூற்றாண்டுக் கணக்கில் நின்றுகிடந்த கொலோன் பேராலயப் பணிக்கு 1842-ல் மீண்டும் கல் நாட்டினார். 1844-ல் சைலீசிய நெசவாளர் கூலி கேட்டு எழுந்தனர். அவர் படை தந்தது குண்டு! 11 பேர் மாண்டனர்.

1848 மார்ச்சில் பெர்லின் தெருக்களில் மன்னராட்சியை எதிர்த்து உயிர் நீத்தோரில் பெரும்பாலோர் தொழிலாளரும் கைவினைஞருமே. முதன்மந்திரி பதவி யாருக்கு? கொலோன் வங்கி முதலாளி காம்ப்ஹவுசனுக்கு! சுதந்திரம் பேசிய தாராளவாதிகள் மன்னரைவிடத் தொழிலாளரைக் கண்டே அஞ்சினர். நவம்பரில் படை பெர்லினுக்குள் புகுந்தது. 1849-ல் பிராங்க்பர்ட் மன்றம் நீட்டிய மணிமுடியை, மக்கள் தரும் முடி எனக்கெதற்கு என்று மன்னர் தள்ளினார். அவ்வாண்டே மூவகுப்பு வாக்குரிமை வந்தது. கட்டும் வரிக்கேற்ப வாக்கின் எடை! 1918 வரை அது நீடித்தது.

பொற்காலக் கனவு பிற்போக்குக்குப் பட்டாடை; தாராளவாதியின் அச்சம் அதற்குத் திறந்த கதவு. ஆயினும் கனவையே நாம் பழிக்கமாட்டோம். அதே கற்பனைப் பள்ளியில் வளர்ந்த கவிஞர் ஹைனே, 1844-ல் அந்த நெசவாளருக்காகவே பாடினார்.

கனவு யாருக்காக? அதுவே கேள்வி.