அம்புக்குறி போட்ட ஒயர்

2008-இல் டெனான் நிறுவனம் ஒரு ஒயரை விற்பனைக்கு விட்டது. பெயர் ஏகே-டிஎல்1. நீளம் ஒன்றரை மீட்டர். விலை 499 டாலர்! பார்த்தால் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் மாட்டுகிற ஈதர்நெட் கேபிள் மாதிரிதான் இருக்கும். சிக்னல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்ட அதன் மேல் அம்புக்குறி வேறு. இணையமே விழுந்து விழுந்து சிரித்தது. அமேசானில் கிண்டல் விமர்சனங்கள் குவிந்தன.

சிரித்தாகிவிட்டது, சரி. ஆனால் அந்த அம்புக்குறி இன்னும் ஒழியவில்லை. புது டிவியை வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபயரோடு இணைக்க ஒரு கேபிள் கேட்டுக் கடைக்குப் போனால், "சார், சாதா வேணுமா, நல்லது வேணுமா?" என்று ஒரு கேள்வி வரும். அங்கேதான் பர்ஸ் இளைக்க ஆரம்பிக்கிறது.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள். ஒன்று, "விலை கூடினால் பாஸ் இறுகும், குரல் இனிக்கும்" என்கிற கட்சி. இன்னொன்று, "எல்லாம் பூஜ்யமும் ஒன்றும்தான், எந்த ஒயராக இருந்தால் என்ன?" என்கிற கட்சி. முதல் கட்சி சொல்வது தப்பு. இரண்டாவது கட்சி சொல்வது முழுசாகச் சரியில்லை.

ஏன் என்றால், சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய எஸ்/பிடிஐஎஃப் முறையில் இந்த எண்களோடு தாளமும் அதே ஒயரில்தான் போகிறது. வழியில் ஒரு பிட் கெட்டால் "இன்னொரு தடவை அனுப்பு" என்று கேட்க வழி கிடையாது. தாளம் கொஞ்சம் முன்னே பின்னே ஆடுவதற்கு 'ஜிட்டர்' என்று பெயர். ஆக, கேபிளுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த வேலை கெட்டால் எப்படிக் கெடும்? டிக் டிக் என்று சத்தம் வரும், பாட்டு விட்டு விட்டுக் கேட்கும், அல்லது ஒரேயடியாக நின்றுவிடும். வயலின் மட்டும் கொஞ்சம் மங்கி, மிருதங்கம் மட்டும் கொஞ்சம் தளர்ந்து, மற்றதெல்லாம் நன்றாக இருக்காது. ஜிட்டரையும் ஒழுங்காகச் செய்யப்பட்ட டிஏசி தன் கடிகாரத்தை வைத்துப் பெரும்பாலும் அடக்கிவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது? விலையைப் பார்க்க வேண்டாம், வகையைப் பார்த்தால் போதும்.

கோஆக்ஸியல் என்றால் 75 ஓம் இம்பீடன்ஸ் உள்ள கேபிள். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ கேபிளும் அதே 75 ஓம்தான்! பரணில் கிடந்தால் அதுவே போதும். சிவப்பு-வெள்ளை ஆடியோ கேபிள்கூடக் குறைந்த தூரத்துக்குப் பெரும்பாலும் ஓடிவிடும்.

ஆப்டிகல் என்றால் 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டோஸ்லிங்க். உள்ளே செம்பு இல்லை, வெளிச்சம்தான். அதனால் டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 'உம்ம்' என்ற எர்த் இரைச்சல் இதன் வழியே வராது. ஆனால் கூர்மையாக மடக்கக்கூடாது, ரொம்ப நீளமும் ஆகாது. முனையிலிருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்து, "கேபிள் டூப்ளிகேட்" என்று திட்டுபவர்களும் உண்டு.

டால்பி ட்ரூஹெச்டி போன்ற பெரிய சமாச்சாரங்களுக்கு இந்த இரண்டும் போதாது, ஹெச்டிஎம்ஐ வேண்டும். அது கேபிளின் தரக்குறைவு இல்லை, வழியின் அகலம் அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டியும் ஸ்டீரியோ செட்டில் சத்தம் வரவில்லையா? அடுத்த விலைக் கேபிளுக்கு ஓடும் முன், டிவியின் ஆடியோ செட்டிங்கில் 'பிசிஎம்' என்று மாற்றிப் பார்ப்பது உத்தமம். அதற்குச் செலவு பூஜ்யம்.

"இல்லை, என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது" என்பவரைப் பொய்யர் என்று சொல்லத் தேவையில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கிறது. காசு கொடுத்த பின் காதும் கொஞ்சம் ஒத்துழைக்கும், மனித சுபாவம். சோதிக்க ஒரு தம்பியோ தங்கையோ போதும். மறைவில் நின்று நாணயம் சுண்டி, பூவா தலையா பார்த்துக் கேபிளை மாற்ற வேண்டும். எது என்று இவர் சொல்ல வேண்டும். பத்துத் தடவை. வெறும் ஊகத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வர வாய்ப்பு 1,024-இல் 11தான், நூற்றுக்கு ஒன்று. அந்த அளவுக்குச் சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்கட்டும்!

இதில் பரிதாபம் பணக்காரரின் 499 டாலர் இல்லை. முதல் சம்பளத்தில் செட் வாங்குகிறவர், ஸ்பீக்கரில் ஒரு படி இறங்கி, அந்த மிச்சத்தைக் கேபிளில் போடுகிறார் பாருங்கள், அதுதான். ஸ்பீக்கர் மாறினால் வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தாலே பாஸ் மாறும். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் எதிரொலி குறையும்.

பாட்டைக் கேட்கத்தான் செட். கேபிளைக் கேட்க இல்லை.