கேட்காதவர் பங்கு எங்கே போகிறது?

செம்பவாங் அடுக்குமாடிகளிலிருந்து விடியுமுன் வண்டி எடுத்துக் கிளம்பும் தோழர்களே, அவர்கள் வீடு திரும்பும்வரை கண்விழித்திருக்கும் குடும்பத்தினரே, இந்தத் தலையங்கம் உங்களுக்காக.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் ஓட்டும் செயலியின் நிறுவனம் அனுப்பும் நீண்ட ஆங்கிலக் கடிதத்தைக் கடைசியாக எப்போது முழுதாகப் படித்தீர்கள்? "அடுத்த பயணி காத்திருக்கிறார், அதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சில சமயம் உங்கள் பணமே அந்தக் கடிதத்துக்குள்தான் இருக்கிறது.

நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். பயணிகளிடம் வாங்கியிருக்க வேண்டிய விற்பனை வரியையும் வேறொரு கட்டணத்தையும் 2014 முதல் 2017 வரை ஊபர் நிறுவனம் ஓட்டுநர்களின் வருமானத்தில் பிடித்துக்கொண்டது. பைரவி தேசாய் தலைமையிலான டாக்சித் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. அங்கே வண்டி ஓட்டுவோரில் பெருந்தொகையினர் நம்மைப்போல் தெற்காசியாவிலிருந்து போனவர்கள். கடைசியில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டீஷியா ஜேம்ஸ் விசாரித்தார். 2023 நவம்பரில் ஊபர் 29 கோடி டாலரும், லிஃப்ட் 3 கோடியே 80 லட்சம் டாலரும் தர ஒப்புக்கொண்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பங்கு வேண்டுமென்றால் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே பாடம்தான். ஊபர் வந்ததால் பிழைப்பு இழந்த டாக்சிக்காரர்கள் 2019இல் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். 8,000 பேருக்கு மேல் அதில் சேர்ந்தார்கள். 2024 மார்ச்சில் 27 கோடியே 18 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. பெயரைப் பதிந்தவர்களுக்குத்தான் அங்கே கணக்கு.

சரி, நம் ஊரில்?

2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் நிறுவனத்திடம் விற்றது. அதன்பின் இங்கே கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடியதைப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கண்டறிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அந்தப் பணம் ஓட்டுநருக்கும் வரவில்லை, பயணிக்கும் வரவில்லை. அபராதம் அரசாங்க நிதியில் சேரும் என்பதுதான் சட்டம்.

அப்படியானால் பாதிக்கப்பட்டவருக்கு வழியே இல்லையா? இருந்தது. முடிவு உறுதியானபின், நேரடியாக நட்டப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே வழக்குப் போடலாம் என்று போட்டித்தன்மைச் சட்டம் சொல்கிறது. ஊபரின் மேல்முறையீடு 2020 டிசம்பரில் தள்ளுபடியானது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே நலன் கொண்டவர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் சார்பில் ஒருவரை வழக்காட வைக்க நம் நீதிமன்ற விதிகளிலும் இடமுண்டு. ஆனால் அமெரிக்காவில் இருப்பது போன்ற விரிவான கூட்டு வழக்கு முறை இங்கே இல்லை. நமக்காக யாரோ வழக்காடிக் காசோலை அனுப்புவார்கள் என்று சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்க முடியாது!

போனது போகட்டும். இன்று கையில் இருப்பதையாவது நழுவ விடாதிருப்போம்.

தள ஊழியர்கள் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அழைப்பை ஏற்றுப் பயணியை ஏற்றப் போகும் வழியிலும், அவரை இறக்கிவிடும் வரையிலும் விபத்தில் காயப்பட்டால் இப்போது இழப்பீடு உண்டு. மருத்துவச் செலவு, இழந்த வருமானம், நிரந்தர ஊனத்துக்கான தொகை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். "சின்ன அடிதானே" என்று தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் வண்டி எடுத்தவர், ஒன்றரை ஆண்டு கழித்து முதுகு நிமிராமல் போய் நின்றால் என்ன ஆகும்?

ஆகவே தோழர்களே, காயம் பட்டால் அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேலையின்போது நடந்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவ விடுப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். பயண விவரத்தையும் வருமானக் கணக்கையும் மாதந்தோறும் படம்பிடித்து வையுங்கள். இரண்டு செயலிகளில் ஓட்டினால் இரண்டின் கணக்கையும் வையுங்கள்; இழந்த வருமானத்தைக் கணக்கிடும்போது அது கைகொடுக்கும். நிறுவனம் இழுத்தடித்தால் மனிதவள அமைச்சை நாடுங்கள். ஓட்டுநர் சங்கத்தில் சேருங்கள். தனியாக நிற்பவரின் குரலைவிடச் சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும்.

படிவம் புரியவில்லை என்று சொல்ல வெட்கம் வேண்டாம். சிறுபான்மையினர் நலனைப் பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ் அதிகாரத்துவ மொழி என்கிறது 153ஏ பிரிவு. ரயில் நிலையப் பலகையில் தமிழ் தப்பாக இருந்தால் கொதித்தெழுகிறோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் பலகையோடு நம் மொழியுரிமை முடிந்துவிடுகிறதா? இழப்பீட்டுப் படிவத்திலும் ஒப்பந்தத்திலும் நிறுவனத்தின் அறிவிப்பிலும் தமிழ் வேண்டும் என்று கேட்பதும் அதே உரிமைதான். அவை தமிழில் வரும்வரை, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் அந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்லட்டும். இதைவிடப் பெரிய மொழித்தொண்டு வேறென்ன?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாம் அழ வேண்டியதுகூட இல்லை. கெடு முடியுமுன் கேட்டால் போதும்.