எட்டு வெட்டு... ஒரு இடுக்கு!

உங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிற தாத்தா போட்டோவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க பாஸ். கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவுல இடைவெளி இருக்கா? எங்க வீட்ல இல்லை. பல மழைக்காலத்து ஈரத்துல தாத்தா கண்ணாடியோடவே ஒட்டிக்கிட்டார். 'புது பிரேம் போடறேன்'னு நான் பிடிச்சு இழுத்ததுல, நெத்தி மட்டும் கண்ணாடியிலேயே தங்கிடுச்சு. தாத்தாவுக்கு இருந்ததே அந்த ஒரு போட்டோதான். பாட்டி திட்டவே இல்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. (ஒட்டியிருந்தா இழுக்காதீங்க. கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணிடுங்க!)

படத்தைச் சுத்தி ஜன்னல் மாதிரி வர்ற அட்டை இருக்கே, மவுன்ட்... அது வெறும் அழகுக்குன்னுதான் நினைச்சிருந்தேன். படம் கண்ணாடியில படாம காப்பாத்துறதே அதுதானாம். கத்துக்கலாம்னு மதுரையில ஒரு பிரேம் கடைக்குப் போனேன். "தாத்தாவை அப்புறம் தொடலாம் தம்பி. முதல்ல வேற எதையாச்சும் கெடுத்துப் பழகுங்க"ன்னார் கடை அண்ணன். டிபார்ட்மென்ட் ஃபேர்வெல்லுக்கு 12 ஏ4 படம் கைவசம் இருந்துச்சு. மாட்டினாங்க சீனியர்ஸ்!

ஒரு பிரேமுக்கு நாலு சட்டம், 8 வெட்டு. எல்லாமே 45 டிகிரி. வெட்டுக்கு அரை டிகிரி தப்பினா என்ன குடி முழுகிடும்னு அறுத்தேன். மூணு மூலை கச்சிதம். நாலாவது மூலை 4 டிகிரிக்கு வாயைப் பிளந்துச்சு. எட்டு அரை எவ்வளவுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன்னு அண்ணன்கிட்ட சொல்லவே இல்லை.

முதல் நாள் முழுக்க ரெண்டே பிரேம். ஒவ்வொரு சட்டத்துக்கும் டேப் பிடிச்சு அளந்துக்கிட்டு இருந்தேன். அண்ணன் மேஜையில ஒரு மரக்கட்டையை ஆணியடிச்சு நிறுத்தினார். சட்டத்தோட நுனியை அதுல முட்ட வெச்சு அறுத்தா, நீளச் சட்டமெல்லாம் ஒரே அளவு. அப்புறம் கட்டையை நகர்த்திக் குட்டைச் சட்டம். டேப்பைத் தொட்டது ரெண்டே தடவை! உள்ளளவுல மட்டும் 2 மி.மீ. தாராளமா விடணும். இறுக்கினா கண்ணாடி தெறிச்சுடும்.

மவுன்ட்டும் இப்படித்தான், ஒரே அளவு எல்லாத்தையும் ஒண்ணா வெட்டணும். 30க்கு 40 செ.மீ. அட்டை, பிளேடு புதுசு, வெட்டு பின்பக்கத்துல இருந்து. ஜன்னல் 20.4க்கு 29.1. ஏ4 படத்தோட ஓரம் சுத்தி 3 மி.மீ. உள்ளே ஒளிஞ்சுக்கும். மேலே 5 விட்டா கீழே 5.9. சமமா விட்டா படம் சரிஞ்ச மாதிரி தெரியும்.

பதிமூணாவதா தாத்தா. ரெண்டு துண்டையும் ஸ்கேன் பண்ணிச் சேர்த்துப் புதுசா பிரின்ட் போட்டேன். நெத்தியில மெல்லிசா ஒரு கோடு இன்னும் தெரியுது. பாட்டி அதுக்கு நேரா, கண்ணாடி மேல சந்தனப் பொட்டு வெச்சுட்டாங்க.