மர்மக் காய்ச்சலுக்கு ஒரு பெயர் இருந்தது

2024 டிசம்பர் மாதத்தில் வடமராட்சிச் சனத்தின் வாயில் நின்ற சொல் ‘மர்மக் காய்ச்சல்’. கரவெட்டியிலும் பருத்தித்துறையிலும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன சிலர் சில நாட்களிலேயே மூச்செடுக்க முடியாமல் செத்துப்போனார்கள். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் பழுதாகியிருந்தது. செத்தவர்களில் இளம் ஆட்களும் இருந்தார்கள். குறைந்தது 7 பேர் போன பிறகுதான் நோயின் பெயர் உறுதியாக வெளியே வந்தது: எலிக்காய்ச்சல். மருத்துவத்தில் லெப்டோஸ்பைரோசிஸ். அதற்கு முதல் இரத்த மாதிரிகள் குடாநாட்டைத் தாண்டித் தெற்கே பரிசோதனைக்குப் போய்வர வேண்டியிருந்தது.

அந்த இடைப்பட்ட நாட்களில் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் என்னென்ன வந்தது எண்டு உங்களுக்கே தெரியும். புது வைரஸ் எண்டார்கள், திரும்பக் கொரோனா எண்டார்கள், கிணத்துத் தண்ணியில நஞ்சு எண்டார்கள். சனத்தைக் குற்றம் சொல்லி வேலையில்லை. பதில் வராத இடத்தில் வதந்திதான் வந்து குந்தும். ‘மர்மம்’ என்று நாங்கள் சொன்னது அந்தக் கிருமியின் குணத்தை அல்ல. பரிசோதனைக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த தூரத்தைத்தான்.

கிருமியைப் பார்த்தால் அது ஒன்றும் புதிது இல்லை. 1886இலேயே அடொல்ப் வைல் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயின் கடுமையான வடிவத்தை விவரித்துவிட்டார். 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ ஆகியோர் அதற்குக் காரணமான பற்றீரியாவைப் பிடித்தார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சுருளாக, நுனியில் கொக்கி வளைந்து கேள்விக்குறி மாதிரி இருக்கும். அதனாலேயே ‘இன்டெரோகன்ஸ்’ என்று பெயர். எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு வருத்தம் தராமலே குடியிருந்து, அதன் மூத்திரத்தோடு வெளியே வரும். மாடு, நாய், பன்றியிடமும் இருக்கும். ஈரமான மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு சின்னக் கீறல், தண்ணீரில் ஊறின தோல், கண், வாய் எதுவும் அதற்கு வாசல்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை நினைவிருக்கும். வயல், ஒழுங்கை, வீட்டு வளவு எல்லாம் வெள்ளம். எலி வளைகள் நிரம்பி, வளைக்குள் இருந்தது எல்லாம் எங்கட கால் படுகிற தண்ணீரில் கலந்தது. இந்த நோய் தொற்றினால் காய்ச்சல் தொடங்க வழமையாக 5 முதல் 14 நாள் எடுக்கும். வெள்ளம் நவம்பர் கடைசி, மரணங்கள் டிசம்பர். கணக்குச் சரியாக விழுகிறது.

தெற்கில் இந்தக் கணக்கு பழகின ஒன்று. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேல் சந்தேக நோயாளிகளும் 200க்கு மேல் மரணங்களும் பதிவாகின. அங்கே வயலில் இறங்குகிற ஆட்களுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் கொடுக்கிற வழக்கம் உண்டு. எங்கட பக்கத்தில் ‘காய்ச்சல்’ என்றால் சனத்தின் மனம் முதலில் போவது டெங்குவுக்கு. இரண்டுக்கும் தொடக்கம் ஒரே மாதிரி: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் எலிக்காய்ச்சலைக் காட்டிக்கொடுக்கலாம், ஆனால் எல்லாருக்கும் வராது. ஆளைப் பார்த்து மட்டும் பிரித்தறிவது அனுபவப்பட்ட டொக்டருக்கும் கஷ்டம்.

மூலக்கூற்று உயிரியல் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

எலிக்காய்ச்சலுக்கான பழைய, நம்பகமான பரிசோதனை நோயாளியின் பிறபொருளெதிரியைத் தேடுவது. உடம்பு பிறபொருளெதிரியைப் போதியளவு செய்ய ஒரு கிழமை அளவில் எடுக்கும். உறுதிப்படுத்த, நாட்கள் கழித்து இரண்டாம் முறையும் இரத்தம் எடுக்கவேண்டும். மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. பிசிஆர் முறை உடம்பின் பதிலுக்குக் காத்திருக்காமல் கிருமியின் டிஎன்ஏயையே தேடுகிறது. முதல் கிழமையில் பற்றீரியா இரத்தத்தில் ஓடுகிறபோதே அதைக் கண்டுபிடிக்க முடியும்.

அது தேடுவதும் குறிப்பான ஒன்றை. லெப்டோஸ்பைராவின் வெளிமென்சவ்வில் லிப்எல்32 என்ற புரதம் மிக அதிகமாக இருக்கிறது. நோய் உண்டாக்குகிற இனங்களில் அதற்கான பரம்பரையலகு உண்டு. மண்ணில் சும்மா வாழ்கிற தீங்கற்ற உறவினரிடம் இல்லை. ஆகவே அந்த ஒரு பரம்பரையலகு இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஒரு பிரதி இரண்டாகும், இரண்டு நாலாகும். 30 சுற்று முடிய, கணக்குப்படி ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டும். எல்லாம் சில மணித்தியால வேலை.

இந்த இயந்திரம் யாழ்ப்பாணம் காணாத ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கான பிசிஆர் பரிசோதனை யாழ்ப்பாணத்திலேயே தொடங்கியது. வைரஸின் ஆர்என்ஏயை முதலில் டிஎன்ஏயாக மாற்றி, பிறகு அதைப் பெருக்கினார்கள். லெப்டோஸ்பைராவுக்கு அந்த முதல் படியே தேவையில்லை. மாற்றவேண்டியது முக்கியமாக பிறைமர் எனப்படும் சின்ன டிஎன்ஏ துண்டுகளை. அதோடு கிட், தரக்கட்டுப்பாடு, பழகின கை, ஒவ்வொரு மாரிக்கும் ஒதுக்கின காசு. இதெல்லாம் சின்ன வேலை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டாத வேலை என்று சொல்வதற்கும் 2020க்குப் பிறகு நியாயம் இல்லை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே டொக்டர்மார் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள், தொடங்கவும் வேண்டும். மருந்தும் விலை கூடியது இல்லை. பிறகு ஏன் இந்தப் பரிசோதனைக்கு இவ்வளவு பாடு? பிசிஆர் ‘இல்லை’ என்று சொன்னாலும் நோய் இல்லை என்று ஆகாது. பிந்தி எடுத்த இரத்தத்திலும், மருந்து தொடங்கின பிறகு எடுத்த இரத்தத்திலும் கிருமி அகப்படாமல் போகலாம். அந்தக் காசுக்கு வயலுக்குப் போகிற ஆளுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் என்ன?

சப்பாத்தும் வேண்டும், எலிக் கட்டுப்பாடும் வேண்டும், நேரத்துக்கு மருந்தும் வேண்டும். ஆனால் ‘சந்தேகம்’ யாருக்கு வரும் என்பதுதான் பிரச்சினை. எலிக்காய்ச்சல் சுத்தி நடமாடுகிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சந்தேகம் வரும். முதல் நோயாளியின் இரத்தம் அடுத்த நாளே பதில் சொன்னால், இரண்டாவது நோயாளியைப் பார்க்கிற டொக்டரின் கை மருந்துக்குக் கெதியாகப் போகும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை எந்த ஊரில் முன்கூட்டி மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்கும். மூன்று நாள் காய்ச்சலைப் பனடோலோடு ஓட்டிக்கொண்டிருக்கிற வீட்டு ஆளும் எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போவார். டிசம்பரில் பெயர் தெரிந்த பிறகு நடந்தது இதுதான்: தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள், சனமும் விசயம் விளங்கி நடந்தது. ஒரு ஆளுக்குச் செய்த பரிசோதனை ஒரு ஊருக்கே உதவும்.

இதற்கு அடுத்த படியும் இருக்கிறது. நோய் உண்டாக்குகிற லெப்டோஸ்பைரா ஒன்று இல்லை. பல இனங்கள், அவற்றுக்குள் 250க்கு மேற்பட்ட வகைகள். ஒரு வகைக்குச் செய்த தடுப்பூசி பெரும்பாலும் மற்ற வகையைத் தடுக்காது. வடமராட்சி வெள்ளத்தில் வந்தது எந்த வகை, எந்த விலங்கிடமிருந்து வந்தது, தெற்கில் இருப்பதுதானா, இங்கேயே கனகாலம் இருந்ததா? இதற்கெல்லாம் டிஎன்ஏ வரிசையைப் படித்தால்தான் தெளிவான பதில் வரும். எங்கட மண், எங்கட எலி, எங்கட மாடு பற்றிய கேள்வியை வேறு யாரும் எங்களுக்காக அவசரப்பட்டுக் கேட்கப்போவதில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பெடியளுக்கு இன்னும் ஒன்று. 2003இல் இந்தப் பற்றீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் சீன ஆய்வாளர்கள் வாசித்து வெளியிட்டார்கள். இரண்டு நிறமூர்த்தங்கள், சுமார் 47 இலட்சம் காரச்சோடிகள். அதில் ஏராளமான பரம்பரையலகுகளின் வேலை தெரியவில்லை. மேலே சொன்ன லிப்எல்32 புரதத்தையே எடுங்கள். அவ்வளவு அதிகமாக இருப்பதால் அதுதான் நோய்க்கு முக்கியம் என்று பலரும் நம்பினார்கள். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்தப் பரம்பரையலகை முடக்கிப் பார்த்தார்கள். அது இல்லாமலும் கிருமி விலங்குகளுக்கு நோயைக் கொடுத்தது. அப்படியென்றால் அந்தப் புரதம் ஏன் இருக்கிறது? இது பாஸ்பேப்பரில் வராத கேள்வி, புள்ளித் திட்டம் இல்லாத கேள்வி.

எங்கட ஊரில் உயிரியல் என்றால் ஒரே ஒரு வாசல்: மெடிசின். கிடைத்தால் வெற்றி, கிடைக்காவிட்டால் ‘சரிவரேல்ல’. ரியூசன் கொட்டிலில் பிசிஆரின் மூன்று படிகளையும் பாடமாக்கின பிள்ளையிடம், ‘ஆய்வுகூடத்தில் இதைச் செய்கிறதும் ஒரு வாழ்க்கைதான்’ என்று சொல்ல ஆள் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இலிருந்து இருக்கிறது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் தனிப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அதைப் படிக்கப்போகிற பிள்ளையை ‘பாவம், மெடிசின் கிடைக்கேல்ல’ என்று பார்க்கிற பார்வையை விடுவோம். அடுத்த வெள்ளத்தில் ஊருக்குப் பெயர் சொல்லப்போகிறது அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

மாரி ஒவ்வொரு வருசமும் வரும். அதற்கு முதலே எங்கட பிரதேச சபை உறுப்பினரிடமும், சுகாதாரப் பணிமனையிலும், பல்கலைக்கழகத்திலும் கேட்கவேண்டியது மூன்று. இந்த மாரியில் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் லெப்டோஸ்பைராவை யாழ்ப்பாணத்திலேயே தேடுவீர்களா? முடிவு எத்தனை மணித்தியாலத்தில் வரும்? அதைத் தமிழில் சனத்துக்கு எப்போது சொல்லுவீர்கள்? புரட்டாதியில் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். மார்கழியில் கேட்டால் பிந்திப்போகும்.